குழாயில் நீ போட்ட ஓட்டை

கண்ணு,

இங்கே எல்லாம் சுகம். உன் அப்பாவுக்கு முட்டிதான் மேடு ஏறும்போது மக்கர் செய்கிறது. எனக்கு வாய்தான் பேச ஆள் இல்லாமல் துருப்பிடிக்கிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. மிளகு இந்த வருடம் நன்றாகச் சரம் பிடித்திருக்கிறது, பலாவில் பிஞ்சு விட்டிருக்கிறது. புதன்கிழமை சாயங்காலம் செம்மேட்டு பூத்துக்கு வந்த உன் போனில் நீ சொன்னதும் எனக்குச் சந்தோஷம்தான், ஒன்றைத் தவிர. உன் முதலாளி ஒரு பெரிய வீட்டில் கடல் மீன் தொட்டி வைக்கிற வேலையை எடுத்திருக்கிறாராம். சுவர் நீளத்துக்கு ஒரு தொட்டி, கீழ் அறையில் இன்னொரு தொட்டி, இரண்டுக்கும் நடுவே போகிற குழாய் வேலை முழுவதற்கும் நீதான் திட்டம் போட வேண்டும் என்கிறாராம், திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். கேட்டதும் என் மனசு குளிர்ந்துபோனது. அதற்குப் பிறகு நீ என்ன சொன்னாய்? “மாட்டேன்னு சொல்லிரலாம்னு இருக்கேம்மா. மீனு விக்கச் சொன்னா விப்பேன். குழாய்க் கணக்கு எனக்கு வராது. அதான் நம்மூட்டுலயே பாத்தமே.” நான் என்ன செய்தேன்? “சரி சாமி, சாப்ட்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வீடு வந்து சேரும் வரை என்னை நானே திட்டிக்கொண்டு நடந்தேன். ஐந்து வருடமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிற ஒரு சங்கதி என்னிடம் உண்டு. அதைக் கேட்காமல் நீ திங்கட்கிழமை ‘மாட்டேன்’ என்று சொல்ல நான் விடமாட்டேன். ஆனால் எனக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் சொல்ல வரும், உனக்குத் தெரியும். பொறுமையாகக் கேள்.

தூத்துக்குடியில் மீன் படிப்பு முடித்துவிட்டு நீ பெட்டியோடு வந்து இறங்கிய அன்றைக்கே, வீட்டுக் கூடத்தில் கடல் வைக்கப் போகிறேன் என்றாய். உன் அப்பா சிரித்த சிரிப்பில் சோறு புரையேறிவிட்டது. “ஏன் கண்ணு, கடலுதான் வேணும்னா தூத்துக்குடியிலயே இருந்திருக்கலாமல்ல? எழுவது வளைவு மலை ஏத்திக் கொண்டாரணுமா?” என்றார். நீ கோபித்துக்கொள்ளவில்லை. “கீழ நாட்டுல தொட்டித் தண்ணி சூடாயிருங்கப்பா. அதைக் குளுத்தறதுக்குன்னே ஒரு மெசினு ஓடோணும். இங்க நம்மூரு காத்தே போதுங்க. ஊத்துத் தண்ணியிலயும் சுண்ணாம்பு கெடையாது. உப்புக் கலவையப் போட்டா அதாங்க கடலு” என்று கணக்காகச் சொன்னாய். கோமாளி மீனை வளர்த்து, குஞ்சு பொரிக்க வைத்து, பட்டணத்துக் கடைகளுக்கு அனுப்புவது உன் திட்டம். நம் பைல் நாட்டு ஊர்களில் மிளகு ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அன்னாசி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், கடல் மீன் ஏற்றப் போகிற முதல் ஆள் என் மகன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் “கூடத்துல ஈரம் பண்ணாம என்னமோ பண்ணு” என்று மட்டும் சொன்னேன்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் நம் கூடத்தில் யாரும் நேராக நடக்கவில்லை. சாக்பீஸால் தரை முழுக்க நீ படம் போட்டுவிட்டாய். பெரிய தொட்டி இங்கே, நாலு படி கீழே இருக்கிற மிளகு அறையில் கீழ்த்தொட்டி அங்கே, மேலிருந்து தண்ணீர் வழிந்து இறங்குகிற குழாய் ஒன்று, கீழேயிருந்து மோட்டார் மேலே தள்ளுகிற குழாய் ஒன்று. உன் அப்பா கோட்டை மிதிக்கக் கூடாது என்று சாமி கும்பிடப் போகிறவர் மாதிரி வேட்டியைத் தூக்கிக்கொண்டு தாண்டித் தாண்டிப் போவார். ஒரு நாள் தெரியாமல் நான் கூட்டித் தள்ளிவிட்டேன். நீ அங்கேயே உட்கார்ந்து மறுபடியும் முழுவதையும் போட்டாய். அன்றைக்கே எனக்குத் தெரிந்தது, இவன் மனசில் படம் முழுசாக இருக்கிறது என்று. அதை நினைவில் வைத்துக்கொள், கண்ணு. தரையில் அழிந்தாலும் உன் தலையில் அழியவில்லை.

குழாய் விஷயத்தில் நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் ஊற்றிலிருந்து நம் வீடு வரைக்கும் பாறை மேலும் புதருக்குள்ளும் வருகிற கருப்பு ஓஸ் பைப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காலையில் மடியில் ஒரு கத்தியும் சைக்கிள் ட்யூபை நீளநீளமாகக் கிழித்த ரப்பரும் செருகிக்கொண்டு ஓஸ் பைப்பின் கூடவே நடப்பேன். முள்ளம்பன்றி கடித்த இடம், மாடு மிதித்த இடம், வெயிலில் வெடித்த இடம், எங்கே பீச்சினாலும் ரப்பரைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பேன். அதனால் உன் படத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் நமநமவென்றது. “இத்தன எல்போ எதுக்கு கண்ணு? ஒவ்வொரு மொடக்குலயும் தண்ணி முட்டிக்கிட்டு நிக்கும். வளைச்சு உடு” என்றேன். நீ நாலு எல்போவை எடுத்துவிட்டு, அகலமாக வளைகிற பெண்டு போட்டாய். இறங்குகிற குழாய் மிளகு அறைக்குள் நுழைகிற இடத்தில் ஒரு மேடு இருந்தது. அங்கே காற்று அடைத்துக்கொண்டு குடுகுடுவென்று சத்தம் வரும் என்றேன். நீ என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “அட ஆமாம்மா!” என்று சுவரில் ஓட்டையை ஒரு சாண் கீழே இறக்கி அடித்தாய். அந்த ‘அட ஆமாம்மா’வை நான் ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தப்பும் சொன்னேன், இல்லையென்று சொல்லவில்லை. குழாயைச் சுவரில் பிடிக்க இரும்புக் கிளாம்பு எடுத்துக் கொடுத்தேன். “உப்பு தின்னுரும்மா. இரும்பு ஒரு ஆணி கூடக் கூடாது” என்று திருப்பிக் கொடுத்தாய். சும்மா பயப்படுகிறான் என்று உனக்குத் தெரியாமல் மூலையில் ஒன்று அடித்துவைத்தேன். பத்தே நாளில் அது சிவப்புச் சிவப்பாக ஒழுக ஆரம்பித்ததும் நானே பிடுங்கி எறிந்தேன். ஒரு தப்பை இப்படி மறைத்த கை அடுத்ததையும் மறைக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இப்போது குழாயில் நீ போட்ட அந்த ஓட்டைக்கு வருகிறேன். மோட்டார் தள்ளுகிற குழாய் தொட்டியின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கி, அடிவரைக்கும் போகும். அடித் தண்ணீரும் அசைய வேண்டும் என்று நீ அப்படி வைத்தாய். கரண்டு போனால் அதே குழாய் வழியாகத் தண்ணீர் தானாகவே கீழே திரும்பி இறங்கத் தொடங்குமல்லவா? அதைத் தடுக்கத்தான் தண்ணீர் மட்டத்தை ஒட்டி அந்தக் குழாயில் பென்சில் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை போட்டாய். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் ஓட்டை வழியே காற்று புகும், இழுப்பு நிற்கும். இதெல்லாம் இன்றைக்கு எனக்கு உன்னைப்போலவே சொல்லத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. நீ ஓட்டை போட்ட அன்று ஊற்றில் தண்ணீர் நின்றுபோய் நான் மேலே போயிருந்தேன். நான் இல்லாதபோதுதான் நீ மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்திருக்கிறாய். கீழ்த்தொட்டியில் நீ முன்கூட்டியே சாக்பீஸால் போட்டுவைத்த கோடு வரைக்கும் தண்ணீர் ஏறி, அதோடு நின்றதாம். உன் அப்பா கைதட்டினாராம். நான் முழங்கால் வரை சேற்றோடு வந்ததும், “நின்னுருச்சும்மா! கோட்டுலயே நின்னுருச்சு! வா, எதனாலன்னு காட்டறேன்” என்று கையைப் பிடித்து இழுத்தாய். “அட உடு சாமி, கால் கழுவோணும், அடுப்புல ஒண்ணும் ஏத்தல” என்று கையை உருவிக்கொண்டு போனேன். அந்த ஒரு நிமிஷம் நான் வந்து பார்த்திருக்கலாம்.

மீன்கள் வந்த பிறகு நம் வீட்டில் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. காற்றடித்த கவர்களில் பத்து மீனை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் எழுபது வளைவும் நீ விழித்தபடியே வந்தாய். கோமாளி மீனில் பொம்பளைதான் பெரியது, அவள் சொன்னபடிதான் ஆம்பிளை கேட்கும் என்று நீ சொன்னாய். நான் உன் அப்பாவைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார். கரண்டு வாரத்துக்கு நாலு முறை போனது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் கோட்டில் வந்து நின்றது, கரண்டு வந்ததும் மேலே போனது. நீ மிளகு அறைக்கும் கூடத்துக்கும் ஓடி ஓடிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வருவாய். எனக்கு ஒரே ஒரு எரிச்சல்தான். அந்த ஓட்டையிலிருந்து மெல்லியதாகத் தண்ணீர் பீச்சிக் கண்ணாடியில் பட்டு, சுவரிலும் தெறித்து, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. தினமும் துடைப்பேன். துடைத்துக்கொண்டே, பையன் அவசரத்தில் ஓட்டைக் குழாயை மாட்டிவிட்டான், சொன்னால் மனசு நோகும் என்று நினைத்துக்கொள்வேன். பெரிய தாராளம் எனக்கு!

பிறகு அந்தக் கல்யாண நாள். மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் நம் மிளகு வியாபாரி வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று பேரும் காலை பஸ்ஸுக்குப் புறப்பட்டோம். நீங்கள் இருவரும் ரோட்டுக்குப் போய்விட்டீர்கள், நான் வீட்டைப் பூட்ட நின்றேன். ஒரு நாள் முழுக்க ஆளில்லாத வீட்டில் ஒரு குழாய் பீச்சிக்கொண்டிருக்க, அதை அப்படியே விட்டுவிட்டுப் படி இறங்க என் காலுக்கு வரவில்லை. மடியில் ரப்பர் இருந்தது. பட்டுப்புடவை கட்டினாலும் என் மடியில் ரப்பர் இருக்கும், நீயே கேலி செய்வாயே. ஓட்டையின் மேல் மூன்று சுற்றுச் சுற்றி, இறுக்கி, முடிச்சுப் போட்டேன். ஒரு சொட்டு வரவில்லை. நல்ல காரியம் செய்த நிம்மதியோடு ஓடிவந்து பஸ் ஏறினேன். வளைவுகளில் உனக்குக் கதை சொல்லிக்கொண்டே இறங்கினேன், கல்யாணத்தில் இரண்டு முறை பாயசம் வாங்கினேன்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது மிளகு அறைக் கதவுக்கு அடியில் தண்ணீர் வந்திருந்தது. நீ நேரே கீழே ஓடினாய், உன் அப்பா உன் பின்னால் ஓடினார். நான் கூடத்துக்குப் போனேன். தொட்டியில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. மீன்கள் சாய்ந்து கிடந்தன, இரண்டு மட்டும் ஒரு மூலையில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கரண்டு போய், தண்ணீரெல்லாம் கீழே இறங்கி, கீழ்த்தொட்டி நிரம்பி வழிந்து தரையோடு போயிருக்கிறது. கரண்டு வந்ததும் மோட்டார் மிச்சத்தை மேலே இழுத்துவிட்டு, இழுக்கத் தண்ணீரில்லாமல் சூடாகிப் புகைந்திருக்கிறது. கீழேயிருந்து நீ கத்தினாய்: “அம்மா! குழாய்ல அந்த ஓட்டை அடைச்சிருக்கா பாரு! காத்துப் போற ஓட்டை!” அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. ரப்பர் என் கண்ணுக்கு நேரே இருந்தது. கண்ணு, நான் அதைக் கத்தியால் அறுத்து எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். நீ படியேறி வந்தபோது ஓட்டை திறந்திருந்தது. அதில் விரலை வைத்துப் பார்த்தாய், ஊதிப் பார்த்தாய். “தெறந்துதான் இருக்குது” என்று சொன்னாய். நான் மிளகு அறைத் தண்ணீரைத் தள்ளத் துடைப்பம் எடுக்கப் போனேன்.

ஒரு வாரம் நீ கணக்குப் போட்டாய். ஓட்டை சின்னதாகிவிட்டதோ, இடம் தப்போ, கீழ்த்தொட்டியை இன்னும் பெரிதாக வைத்திருக்க வேண்டுமோ என்று நோட்டு முழுக்க எழுதினாய். இல்லாத தப்பைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? நான் சோறு கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, சொல்லிவிடலாம் என்று நிற்பேன். உன் முகத்தைப் பார்ப்பேன். ‘அட ஆமாம்மா’ என்று சொன்ன முகம் என்னை இனி எப்படிப் பார்க்கும் என்று பயம் வந்துவிடும். எட்டாம் நாள், “எனக்குக் கணக்கு வரலம்மா” என்று நோட்டை மூடினாய். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பாதி சொல்லிப் பாதி மறைக்க இனி எனக்குத் தெம்பில்லை. நீ நோட்டை மூடியபோது என் மனசின் ஓர் ஓரத்தில், சரி, இனி பையன் மிளகைப் பார்த்துக்கொண்டு நம்மோடேயே இருப்பான் என்று ஓர் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலுக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ இருக்கவும் இல்லை. பிழைத்த இரண்டு மீனையும் ஒரு கடையில் ஒப்படைக்கப் போகிறேன் என்று சென்னைக்குப் போனாய். அந்த முதலாளி உன்னையும் சேர்த்துக் கடையில் வைத்துக்கொண்டார்.

பிழைப்புக் கெட்டுப்போகவில்லை என்பது எனக்குத் தெரியும். நீ நன்றாக இருக்கிறாய், சிரித்துப் பேசுகிறாய், மாதம் தவறாமல் வந்து எங்களைப் பார்க்கிறாய். அதைப் பார்த்துப் பார்த்து, சரி, எல்லாம் நல்லபடியாகத்தானே முடிந்தது, பழசை எதற்குக் கிளற வேண்டும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். புதன்கிழமை உன் குரலைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அந்த நோட்டை நீ இன்னும் மூடியே வைத்திருக்கிறாய் என்று. ஒரு நல்ல வேலைக்காரன் ஐந்து வருடமாகத் தன்னை ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், அவனைப் பெற்ற நான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். உன் திட்டத்தில் ஒரு நூல் அளவும் தப்பில்லை. கோடு சரி, ஓட்டை சரி, தொட்டி சரி. கரண்டு போன ஒவ்வொரு நாளும் அது வேலை செய்தது, நான் கை வைத்த ஒரே ஒரு நாளைத் தவிர.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இந்த விஷயத்தில் இல்லை, ஆனாலும் ஒன்று சொல்வேன். அந்தப் பெரிய வீட்டில் படம் போட்டு முடித்ததும், வீட்டுக்காரருக்கு விளக்குவதற்கு முன்னால், தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கப் போகிறவர் யார் என்று கேள். அவரை அடுப்படியிலிருந்து கூப்பிட்டுக் கொண்டுவந்து, மெயினை அணைத்து, தண்ணீர் இறங்கி நிற்பதைக் காட்டு. கால் கழுவ வேண்டும், அடுப்பில் வேலை இருக்கிறது என்று கையை உருவினாலும் விடாதே. இது ஒழுகல் இல்லை, இது மூச்சு விடுகிற வழி, இதை அடைத்தால் எல்லாம் போய்விடும் என்று அவர் வாயாலேயே ஒரு முறை சொல்ல வை. வீட்டைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிற யாருக்கும் ஓர் ஓட்டையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக வராது. அது நல்ல குணம்தான், ஆனால் அவருக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று நாளாக எழுதி இதை இன்று மத்தியானம்தான் முடித்தேன். முதல் வேலையாக உன் அப்பாவிடம் கொடுத்தேன். அவருக்கும் இதுவரை தெரியாது. கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து மெதுவாகப் படித்தார். இரண்டு முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். “ஏனுங்க, ஒண்ணும் சொல்லலியே” என்றேன். கண்ணாடியைக் கழற்றி மடித்துவிட்டு, “எழுதிட்ட, சரி. இன்னைக்குச் சனிக்கெழம. இதை எப்பப் போஸ்டுல போட்டு, எப்ப அவன் கைக்குப் போறது? திங்கக்கெழம மாட்டேன்னு சொல்லிப்போட்டுப் புதங்கெழம படிப்பானா?” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. “அழுவாத. காத்தால பஸ்ஸுக்குப் போலாம், நானும் வாரேன். போன்ல படிச்சுக் காட்டு” என்றார். செம்மேட்டு பூத்துக்குக் கதவு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதி மலை அங்கே நிற்கும். மகனுடைய மீன்களைக் கொன்றது நான்தான், பழியை அவன் தலையில் கட்டியதும் நான்தான் என்று அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி நான் கத்திப் படிக்க வேண்டியிருக்கும். படிக்கிறேன்.

அதனால் இதை நீ கண்ணால் படிக்கப் போவதில்லை, காதால்தான் கேட்கப் போகிறாய். உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். நடுவில் “பரவால்லம்மா” என்று சொல்லி என்னை நிறுத்திவிடாதே. நீ அப்படித்தான் சொல்வாய், எனக்குத் தெரியும். அப்படிச் சொன்னால் என்னால் மேலே படிக்க முடியாது. முழுவதையும் கேட்டுவிட்டுப் போனை வை. வைத்த கையோடு உன் முதலாளியைக் கூப்பிட்டு, குழாய் வேலையை நானே செய்கிறேன் என்று சொல். என்னைத் திட்ட வேண்டுமென்றால் அதற்கப்புறம் கூப்பிடு. நான் பூத் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.